வெறுந்தறி ஓட்டியவள்

அவளுக்குத் தாலாட்டு என்றாலே ஆகாது. "பாட்டுப் பாடினா பாடறவதான் தூங்குவா. கொழந்த முழிச்சிக்கினு அவ வாயப் பாத்துக்கினு இருக்கும்" என்பாள். ஆனாலும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலோ அக்கம்பக்கத்துத் தெருவிலோ ஒரு குழந்தை பகலில் தூங்காமல் படுத்தினால் ஆள் போவது அவளிடம்தான். கைக்குழந்தையைத் தொடமாட்டாள். "அது தானாத் தூங்கும், தானா முழிக்கும். அதுக்கு நா எதுக்கு?" தூளி சிறுத்துப்போய், காலும் முளைத்து, மாட்டேன் என்று சொல்லவும் கற்றுக்கொள்கிற வயசு ஒன்று இருக்கிறதே, அந்த வாண்டுகள்தான் அவள் பங்கு.

எல்லாரும் அவளை அக்கா என்றோம். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "இன்னாத்துக்கு, ஓட்டு லிஸ்ட்டுல எழுதப் போறியா?" என்றிருப்பாள். என்னைவிட ரொம்ப மூத்தவள். அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. அப்படி எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்வது போல இருந்தது. அதனால் அவள்தான்.

அறுபதுகளின் கடைசி அது. வீடு வீடாகப் போய்த் தார் சுற்றிக் கொடுப்பது அவளுக்குத் தொழில். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்போம். நெடுநெடுவென்று உயரம், வாயில் எப்போதும் வெற்றிலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எங்கே போனார்கள், இருந்தார்களா என்றெல்லாம் கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. அவள் வாய் அப்படி.

குழந்தையைத் தூங்க வைக்க வந்தால் முதல் திட்டு தாய்க்குத்தான். "காதப் புடிச்சி இழுத்துச்சா? கண்ணக் கசக்கிச்சா? அப்பவே படுக்க வெச்சியா? வெக்கல. அழுது ஆடி ஓஞ்சப்புறம் என்னக் கூப்பிடற. தூக்கம் வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடுச்சும்மா. இனிமே அது ஊரச் சுத்திக்கினுதான் வரும்." திட்டிக்கொண்டே குழந்தையின் கொலுசைக் கழற்றுவாள். காலைக் கழுவி, முந்தானையால் விரல் இடுக்கெல்லாம் துடைத்து, இரண்டு வாய் தயிர்ச்சோறு ஊட்டுவாள். தினம் அதே மூலை, அதே பாய், அதே வேளை. மாற்றினால் கோபம் வரும். "கண்ணப் பாக்காதம்மா! பாத்தா ஆட்டத்துக்குக் கூப்பிடறன்னு நெனச்சிக்கும்." பெற்றவளை அடுப்படிக்குத் துரத்திவிட்டு, தானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிசாசு வாயைத் திறந்துகொண்டு தூங்கும்.

இதெல்லாம் மற்றவர்களும் செய்யக்கூடியதுதான். அவளால் மட்டும் முடிந்தது வேறு.

எங்கள் வீடுகளில் கூடத்திலேயே தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. மிதிபலகை முனகும், நாடா டக்கென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும், பலகை வந்து நெய்த துணியில் தட்டென்று மோதும். குழந்தைகள் வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்கத் தொடங்குகிற சத்தம் அது. மற்ற ஊரில் சத்தம் போடாதே, குழந்தை தூங்குகிறது என்பார்களாம். எங்கள் தெருவில், "நிறுத்தாதீங்க, கொழந்த தூங்குது" என்போம். நெய்கிறவர் வெற்றிலை போட எழுந்தால் போச்சு, அதுவும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. ஆண்களுக்கு விடுமுறை, தாய்மார்களுக்குத் தண்டனை. மத்தியானம் ஆனால் வீட்டுக்கு வீடு சிணுங்கல் கிளம்பும். அன்றைக்கு அக்காவுக்கு இருக்கும் மரியாதையைப் பார்க்கவேண்டுமே! ஒரு வீட்டில் காப்பி, ஒரு வீட்டில் வடை, ஒரு வீட்டில் சாப்பாடு. மணைப்பலகை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளங்கையாலும் விரல் முட்டியாலும் தறிச் சத்தத்தைக் கொண்டுவருவாள். ஏதோ ஒரு தறியின் சத்தம் இல்லை. அந்தந்த வீட்டுத் தறி. நெய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஒருவர் அவசரக்காரர், ஒருவர் நின்று நிதானித்து அடிப்பார், ஒருவருக்கு இடதுகை கொஞ்சம் பிந்தும். எங்களுக்கெல்லாம் பொதுவாகத் தெரிந்ததை அவள் அட்சரம் பிசகாமல் தட்டுவாள். அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் கையைக் கேட்டுக்கொண்டே அவன் பிள்ளை தூங்கும்.

இந்தக் காதால் வந்த வம்பும் உண்டு. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் தம்பியைத் தறியில் உட்காரவைத்துவிட்டு மத்தியான ஆட்டத்துக்குச் சினிமாக் கொட்டகைக்கு நழுவிவிட்டார். பெண்சாதி அடுப்படியில் இருந்தாள், கூடத்தில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு என்ன தெரியும்? தார்க்கூடையோடு தெருவில் போன அக்கா நின்றாள். "இன்னாம்மா, உன் மச்சினன் இன்னிக்கி நல்லாத்தான் ஓட்டறான்!"

"அவரில்லக்கா ஓட்டறாரு?"

"அவரா? அவரு இந்நேரம் இன்டர்வெல்லுல முறுக்கு கடிச்சிக்கினு இருப்பாரு."

சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த கூத்தை எழுதினால் பக்கம் போதாது. அந்த ஆள் ரொம்ப நாள் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் ஒரு வீட்டு வாசலில் அவள் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் போனால் எங்களுக்குச் சிரிப்பு வராது. "அந்த வீட்டு ஆளு கை தளந்திருக்குது" என்று அவள் சொல்லிக் கொஞ்ச நாளில் அந்த ஆள் படுத்துவிட்டதுண்டு. நல்ல வாய் இல்லை என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள்.

எங்கள் வாசலிலும் ஒருநாள் நின்றாள். "யம்மா, உன் வீட்டுக்காரரு கை இன்னா இப்டி இழுக்குது? ஆஸ்பத்திரில காட்டு" என்றாள். எனக்குச் சுரீரென்றது. "வாய வெக்காதீங்கக்கா" என்றேன். ஆனாலும் மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். காமாலை என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், நாட்டு மருந்தும் கொடுத்தோம், பத்தியம் இருந்தார். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் தறி ஓடக்கூடாது. அன்றைக்குத் தெருவே ஊமையாகக் கிடந்தது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயசு ஆகவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, தூங்க முடியவில்லை, கத்துகிறாள். கூடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதபோது நான் கொல்லையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். புருஷனைத் தூக்குகிறார்கள், வா, என்று கூப்பிட்டார்கள். போனேன், பார்த்தேன், மறுபடி நடக்கத் தொடங்கினேன். அழ நேரம் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா?

காரியம் முடிந்ததும், பட்டுக் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி வீட்டு ஆள் வந்து தறியில் பாதியில் நின்ற புடவையைப் பாவு இழையோடு எடுத்துக்கொண்டு போனான். வேறு யாரோ முடித்திருப்பார்கள். வெறும் மரம் நின்றது. தெருவில் மற்ற தறிகள் எல்லாம் ஓடின. என் மகளுக்கு அவை ஆகவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "நைனா, வா" என்பாள். அவளுக்கு அப்பன் என்றால் இடுப்புக்கு மேலேதான். மீதி ஆள் எப்போதும் அந்தக் குழிக்குள்தான் இருந்தார்.

பகல் தூக்கம் போனது. பகல் போனதும் ராத்திரியும் போனது. தூங்காத குழந்தை சாப்பிடவும் சாப்பிடாது. விலா எலும்பு தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஒருத்தி வேப்பிலை அடித்தாள். ஒருத்தி கசகசாவை அரைத்துப் பாலில் கொடுக்கச் சொன்னாள், அவளைத் திட்டி அனுப்பினேன். "புருஷன முழுங்கினது போதாதா, கொழந்தையையும் விடப் போறியா?" என்றாள் போகிற போக்கில். அந்தச் சொல் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அக்காவை நான் கூப்பிடவில்லை. அவர் கை இழுக்கிறது என்று முதலில் சொன்ன வாய் அது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு இல்லை.

அவளே வந்தாள். "கொழந்த கத்தறது தெருக்கோடிக்கு வருது. நீ கூப்பிடுவன்னு எவ்ளோ நாளு கம்முனு இருக்கறது?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து மணையைக் கவிழ்த்தாள். தட்டினாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பள்ளத்தையே பார்த்துக்கொண்டு விசும்பினாள். அவள் பார்க்கிற இடத்தை அக்காவும் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

வெறுந்தறியை ஓட்டக்கூடாது. வெறும் உரலைக் குத்தக்கூடாது என்பது போல எங்களுக்கு அது. "அக்கா, வேணாம்க்கா" என்றேன். "நீ போயி கொல்லைல துணி தொவைக்கிற வேலையப் பாரு" என்றாள். புடவை இல்லாமல் பலகை மோதினால் சத்தம் ஓட்டையாக வரும் என்று கொடியில் கிடந்த அவருடைய பழைய துண்டை மடித்து, நெய்த புடவையைச் சுற்றுகிற முன்மரத்தில் கட்டினாள்.

நான் கொல்லைக்குப் போனேன். கல்லில் துணியை வைத்தேன். சத்தம் வந்தது.

அவர் ஒரே மூச்சாகக் கொஞ்சம் ஓட்டுவார். பிறகு நிறுத்தித் தோளை உதறிக்கொள்வார், தொண்டையைச் செருமிக்கொள்வார். மறுபடி தொடங்கும்போது முதல் அடி மட்டும் மெதுவாக விழும். அதெல்லாம் அப்படியே வந்தது. நிறுத்தம் வந்தது. செருமல் எனக்குக் கேட்டது. அவள் செருமவில்லை என்பது எனக்குத் தெரியும், சத்தியமாகக் கேட்டது. மெதுவாக ஒரு அடி விழுந்தது. ஈரத்துணியோடு நான் கூடத்துக்கு ஓடினேன். பள்ளத்தில் அவள் இருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. ஓரத்தில் என் மகள், கன்னத்தில் கண்ணீர் காயாமல், தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் வந்தாள். மகளுக்குத் தூக்கம் திரும்பியது. தூக்கம் வந்ததும் பசி வந்தது. கன்னம் கொஞ்சம் எழும்பியது. ராத்திரியும் விழுந்தால் விழுந்த இடம்தான்.

அவருடைய அண்ணனுக்குச் சேதி போனது. வந்து வாசலிலேயே நின்றார். "செத்தவன் வீட்டுல வெறுந்தறி ஓடுதாமே. அவன் கை மாதிரியே கேக்குதுன்னு தெருவே பேசிக்கினு இருக்குது. அவன் எப்பிடிம்மா போவான்? இங்கியேதான் சுத்திக்கினு இருப்பான்" என்றார். மத்தியானத்தில் எங்கள் வீட்டைக் கடக்கிறவர்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். உள்ளே இருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "போறவரு போவட்டும் நைனா. தூங்கறது தூங்கட்டும். ரெண்டுத்துக்கும் நடுவுல நீ இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற?" அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவன் இங்கேயேதான் சுற்றிக்கொண்டிருப்பான் என்று அவர் சொன்னதில் எனக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா வந்து பள்ளத்தில் இறங்கியதும் நான் கூடத்துக்கே போகமாட்டேன். அடுப்படியில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். பார்த்தால்தானே அவள்? பார்க்காவிட்டால் அவர். சத்தம் நின்றால், தோளை உதறுகிறார் என்று நினைப்பேன். தண்ணீர் மொண்டு வைப்பேன். காலையிலிருந்தே அந்த வேளைக்குக் காத்திருப்பேன். தலையை வாரி முடிந்துகொள்வேன். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வற்றல் குழம்பு வைத்தேன். மகள் தூங்கினாளா என்று பார்க்கிற ஞாபகம்கூடப் போய்விட்டது.

ஒருநாள் குழம்பை இறக்கிவைத்துவிட்டு, யோசனையே இல்லாமல், குரல் கொடுத்தேன். "போதும், எழுந்து வாங்க. சோறு ஆறுது."

சத்தம் நின்றது. மறுபடி வரவில்லை.

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இலை போட்டிருந்ததைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், வாரியிருந்த என் தலையைப் பார்த்தாள். அவள் திட்டாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"கொழந்த தானாத் தூங்க ஆரம்பிச்சி ரொம்ப நாளாச்சு, பொண்ணே. நா எறங்கறதுக்கு முன்னாடியே அது தூங்கிடுது. நடுவுல நிறுத்திப் பாத்தேன், முழிக்கல. நீ வந்து பாப்ப, சொல்லலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல." கையிலிருந்த துண்டை உதறி மடித்தாள். "நாளைலேர்ந்து நா வர்ல."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வெறி. எழுந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என் புருஷன நிறுத்தறதுக்கு நீ யாருடி?"

ஒரு பெரிய மனுஷியை டி என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

"நிறுத்தினது நா இல்ல பொண்ணே" என்றாள்.

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "என் ஆளு போனப்போ நிறுத்துன்னு யாரும் எனக்கு வந்து சொல்லல. நானே எறங்கி அந்த ஆளு கைய ஓட்டுவேன். தெனம் ஓட்டுவேன். கேட்டுக்கினே இருப்பேன். ஒருநாளு போதும்னு தோணிச்சு, முன்ன மாதிரி என் கையில ஓட்டலாம்னு உக்காந்தேன். வர்ல. அந்த ஆளுது வருது, பக்கத்து வூட்டுக்காரனுது வருது, ஊர்ல இருக்கறவன் கையெல்லாம் வருது. என்னுது ஒண்டி எங்க போச்சுன்னே தெரியல." துண்டை என் கையில் வைத்தாள். "பாப்பா எழுந்தா ஓடிப்போயித் தூக்காத. கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நான் சமைத்தேன். தலை வாரினேன். வந்துவிடுவாள், சும்மா மிரட்டியிருக்கிறாள் என்றே நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். வேளை வந்தது. எதிர்வீட்டுத் தறி கேட்டது. பக்கத்து வீட்டுத் தறி கேட்டது. எங்கள் கூடத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பொறுக்கமுடியாமல் எழுந்து கூடத்துக்குப் போனேன்.

மகள் அவளாகவே பாயில் போய்ப் படுத்து, காதைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் யாரும் இல்லை. மிதிபலகை இரண்டிலும் அவருடைய கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் வழவழவென்று தெரிந்தது. அவ்வளவு நாளும் அதை நான் பார்க்கவே இல்லை.

நான் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள், அவள் புருஷன் வந்தார், இன்னும் யார் யாரோ வந்தார்கள். "கொழந்தைக்கு இன்னா ஆச்சு? யம்மா, சொல்லும்மா, கொழந்தைக்கு இன்னா?"

"கொழந்த தூங்குது" என்றேன். "அவரு செத்துட்டாரு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். தார்க்கூடையைக் கீழே வைத்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் உட்காருவது போல என் எதிரில் உட்கார்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எப்பம்மா?" என்று கேட்டாள்.

"இப்பத்தாங்க்கா" என்றேன்.

அவள் ஓங்கி அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். பொழுது சாய்கிற வரைக்கும் அழுதோம். அந்த அழுகையிலும் குழந்தை எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.